கூடவே மெதுவானவன்

முன்பின் அறியாத இருவர் சேர்ந்து, மெட்டல் என்னும் அதிவேக ராக் வகையில் ஒரு பாட்டு செய்ய வேண்டும் என்பதே போட்டி. ஒருவர் தன் ஊரில் கிட்டார் வாசித்து அனுப்ப, இன்னொருவர் வேறொரு ஊரிலிருந்து அதற்கு டிரம்ஸ் சேர்ப்பார். தேர்வானால் மேடையில்தான் முதல் சந்திப்பு. காலையிலிருந்து உறுமலும் அலறலுமாகக் கேட்டுவந்த நடுவர் எபனேசர், இந்த ஒரு பாட்டை மட்டும் மூன்றாம் முறையாகக் கேட்டார். பாதியில் கிட்டார்காரனின் கை சோர்ந்து வேகம் விழுகிறது. டிரம்ஸ்காரன் அவனைத் திரும்ப வாசிக்கச் சொல்லியிருக்கலாம், கணினியில் சரிசெய்திருக்கலாம். ஆனால் அவனும் மெல்ல வேகத்தைக் குறைத்து, அந்தக் கை தேறும்வரை கூடவே நடந்திருக்கிறான்.

“மெட்டலாண்ணே இது? சவ ஊர்வலம் போற மாதிரி இருக்கு,” என்று சிரித்தாள் உடன் நடுவரான ரூபிணி. “ரெண்டு பேரும் சேர்ந்தே சொதப்பியிருக்காங்க. நான் வேணாம்னு போட்டுட்டேன். நீங்க?”

“சொதப்பல் இல்லம்மா...”

“பின்ன?”

எபனேசர் வெகுகாலம் ஒரு குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். யாருக்காகவும் அவர் வேகத்தைக் குறைத்ததில்லை. அதைப் பெருமையாகவே சொல்லித் திரிந்தார். இப்போது விளக்கத் தொடங்கினால் அதையும் சேர்த்துப் பேச வேண்டிவரும். ரூபிணி காத்திருந்தாள். அவர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“வேகம் விழுதுதான்,” என்றார்.

அவள் பொத்தானைத் தட்டினாள். தேர்வாகவில்லை என்ற ஒரே வரி, இரண்டு ஊர்களுக்கும் தனித்தனியாகப் போனது.