மாப்பிள்ளைக்குத் திருஷ்டி

"இன்னும் ஒரு அடி எடுத்து வெச்சே, பல்லு கொட்டிடும்!" என்று ஒரு மீசைக்காரனின் சட்டையைப் பிடித்தான் சராந்திஸ். பாவம், அந்த ஆள் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தவன்.

கிரேக்க நாட்டுத் தெசலோனிகியில் போய் கமாராவுக்கு அடியில் நிற்காதே என்று யாரையாவது விரட்ட முடியுமா? ஊரே ஒருவரையொருவர் சந்திப்பது அந்த ரோமானிய வெற்றி வளைவுக்குக் கீழேதான். ஆனால் தங்கை அன்தூலா கல்யாணக் கோலத்தில் புருஷனோடு படம் எடுத்து முடிக்கிறவரை, என்னமோ தங்கள் அப்பன் கட்டிய வாசல் மாதிரி அண்ணன்மார் சராந்திஸும் ஸ்தாத்திஸும் அதை மறித்து நின்றார்கள்.

காரணம் இருந்தது. மாப்பிள்ளை பந்தேலிஸ் ஏற்கெனவே ஒருத்திக்கு மோதிரம் போட்டுக் கைவிட்டவன். "கல்யாணத்தன்னிக்கே ஊர் முன்னால அவனை அசிங்கப்படுத்துறோம் பார்" என்று அந்தப் பெண்ணின் வீட்டார் சொல்லியனுப்பியிருந்தார்கள். தேவாலயத்துக்கு அவர்கள் யாரும் வரவில்லை. மிச்சம் இந்த இடம்தான்.

"அவளுக்கு ஒரு அண்ணன் இருக்கானாம், கப்பல்ல வேலை. பெரிய மீசை, ஆளு மாடு மாதிரியாம்" என்றான் இளையவன் ஸ்தாத்திஸ்.

"வரட்டும். தூண்ல செதுக்கியிருக்கானுங்களே சிப்பாய்ங்க, அவனுங்களோட சேத்து ஒட்டிடுறேன்!"

அப்போது கறுப்பு உடுத்திய ஒரு அம்மாள் காய்கறிப் பையோடு வந்தாள். "வழி விடுங்கப்பா, ஜோடியைப் பாத்துட்டுப் போறேன்."

"அந்தப் பக்கம் போம்மா" என்றான் சராந்திஸ் எரிச்சலோடு.

"அடப்பாவி! தெருவுல போற அத்தனை கண்ணும் இதுங்க மேலதான் இருக்கு. துப்பித் திருஷ்டி கழிக்க ஒரு பெரியவ வேண்டாமா? என்ன குடும்பம்டா உங்களது?"

அன்தூலா பயந்தே போனாள். காலையிலிருந்து அவளுக்குத் தலைவலி வேறு. "அண்ணே, சும்மா இருங்க. நீங்க வாங்க அத்தை!"

அம்மாள் அவள் கன்னத்தை மெல்லத் தடவினாள். "நீ நல்லா இரு தாயி" என்றுவிட்டு மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். அவன் சட்டென்று பின்வாங்கினான்.

"வெக்கத்தைப் பாரு இவருக்கு!" அண்ணன்மார் ஆளுக்கொரு தோளைப் பிடித்து அவனை முன்னால் இழுத்து நிறுத்தினார்கள். "நல்லா துப்புங்க அத்தை!"

"த்தூ! த்தூ! த்தூ!"

சும்மா சத்தம் மட்டும் போடுவதுதான் வழக்கம். இந்த அம்மாளுக்குப் பல் சரியில்லையோ என்னவோ, மாப்பிள்ளையின் மூக்கிலிருந்து எச்சில் வழிந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். பந்தேலிஸ் அந்த அம்மாளை நிமிர்ந்து பார்க்காமலே முகத்தைத் துடைத்துக்கொண்டான். அன்தூலா அந்த அம்மாளின் கையை முத்தமிட்டு, சர்க்கரை பூசிய பாதாம் பொட்டலம் ஒன்றைக் கொடுத்து அனுப்பினாள்.

அம்மாள் சாலையைக் கடந்தாள். எதிர் நிறுத்தத்தில் ஒரு பெண் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"அழுதது போதும், எந்திரிடி. மச்சானுங்க பிடிச்சுக் குடுக்க, ஊரே கைதட்ட, அவன் மூஞ்சியிலேயே துப்பிட்டேன்!"