மேடையேறிய செவலை

வயிறு குலுங்கச் சிரிக்க ஒரு கதை வைத்திருக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள், முதலில் செவலையின் ஏக்கத்தைக் கேளுங்கள். மாவட்ட ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்த இன்பவல்லியோடு, விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிய நாய் அது.

"பாராட்டு விழாவில என் பேரையும் கூப்பிடுவாங்களா, மைனாக்கா?"

"கூப்பிடாம விட்டுடுவாங்களா, தம்பி!" என்றது வேப்பமரத்துப் பலகுரல் மைனா.

விழாவில் இன்பவல்லி பதக்கம் வாங்கியதும் தலைமையாசிரியரின் கணீர்க் குரல் கேட்டது: "அடுத்து, கூடவே ஓடிய செவலை!"

செவலை ஒரே தாவில் மேடையேறியது. பிள்ளைகள் விசிலடித்தார்கள். இன்பவல்லி தன் பதக்கத்தையே அதன் கழுத்தில் மாட்டினாள்.

"செவலை இப்போது இரண்டு வார்த்தை பேசுவார்!"

செவலை நன்றியோடு தலைமையாசிரியரை அண்ணாந்து பார்த்தது. அவரோ வாய் நிறையத் தண்ணீரோடு விழித்துக்கொண்டிருந்தார்.

செவலை மெல்ல வேப்பமரத்தின் பக்கம் திரும்பியது.

"அடிப்பாவி அக்கா, நீதானா!"