நந்தியாவட்டைக்குத் தூக்குக்குண்டு

கொல்லையில் நந்தியாவட்டைக்கு முன்னால் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றேன்.

செடி ஒன்றரை முழம் சாய்ந்திருந்தது.

செடிக்கு யாராவது தூக்குக்குண்டு பிடிப்பார்களா என்று கேட்கலாம். பொதுப்பணித்துறையில் முப்பத்தாறு வருஷம் தூணும் சுவரும் நேராக நிற்கிறதா என்று அதைப் பிடித்துப் பார்த்த கை. ஓய்வு பெற்ற பிறகு பிடிக்க வேறு எதுவும் அகப்படவில்லை.

எல்லாம் ஜகன்னாத்தால் வந்த வினை. என்னோடு வேலை பார்த்தவர். திருவானைக்காவலுக்குப் போகிற வழியில் முந்தாநாள் காபிக்கு வந்தார். கொல்லையில் கை கழுவப் போனவர் அங்கிருந்தே சிரித்தார்.

“ஊர்ல இருக்கற சுவரையெல்லாம் கோணல், இடின்னு சொன்னவர், உம்ம வீட்டுச் செடியைப் பாரும் ஓய்!”

இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. கோணல் எங்கிருந்தாலும் முதலில் என் கண்ணில்தான் படும் என்பது ஸ்ரீரங்கம் முழுக்க நானே பரப்பிவைத்திருக்கும் பெருமை. அது என் கொல்லையிலேயே கவிழ்ந்து கிடந்தது. ஆகவே உத்தர வீதியைச் சுற்றிவரும் என் காலை நடையை இன்று ரத்து செய்தேன். அரிவாளும் தேங்காய்க் கயிறுமாகக் களத்தில் இறங்கிவிட்டேன்.

உண்மையில் இந்த வீட்டில் சாய்ந்திருப்பது செடி மட்டும் அல்ல. இரண்டு வருஷமாக எல்லாமே கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. மேல் அலமாரியில் இருந்த காபிப்பொடி டப்பா இப்போது அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறது. ஏகாதசி என்றைக்கு என்று காலண்டரில் பார்க்க நான் குனிய வேண்டும். கொல்லை வாசலில் துணி உலர்த்தும் கொடிக்கயிறு அத்தனை தாழ்ந்துவிட்டது. ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வருகிறவனைப் போலத் தினமும் அதை மார்பால் மோதிக்கொண்டு வெளியே வருகிறேன்.

எல்லாம் என் மனைவி வேதவதியின் சோம்பல். அதைக் கவனித்தது மட்டுமல்ல, அவளிடம் பலமுறை சொல்லியும் இருக்கிறேன். சரி என்று தலையாட்டுவாள். அடுத்த மாதம் இன்னொன்று இறங்கியிருக்கும்.

செடிக்குள் தலையை விட்டு இலைகளை விலக்கினேன். சாய்வின் காரணம் தெரிந்துவிட்டது.

நடுக்கிளையை யாரோ துணித் திரியால் இழுத்துத் துவைக்கும் கல்லோடு கட்டியிருந்தார்கள். ஒன்றல்ல, மூன்று திரிகள். கரையைப் பார்த்தேன். என் பழைய மயில்கண் வேஷ்டி. ஆக, யார் என்றும் தெரிந்துவிட்டது.

இரண்டு திரிகள் வெயிலில் வெளுத்துத் தொளதொளத்துக் கிடந்தன. மூன்றாவது புதிது. விறைப்பாக இருந்தது. மூன்றிலும் அதுதான் குட்டை.

என் முப்பத்தாறு வருஷ அனுபவத்தைக் கொண்டு உடனே ஒரு முடிவுக்கு வந்தேன். சுத்தக் கிறுக்குத்தனம். ஏன் கட்டினாள் என்று ஒரு நிமிஷம் யோசிக்கத் தோன்றவில்லை.

மூன்றையும் அறுத்தேன். கிளை விருட்டென்று எழும்பி என் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது. மீதிச் சாய்வைத் தேங்காய்க் கயிற்றால் இழுத்து மதில் சுவர்க் கொக்கியில் கட்டினேன். பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருந்ததையெல்லாம் வெட்டித் தள்ளினேன். உள்ளங்கை முழுக்கப் பால் பிசுக்கு.

மறுபடி தூக்குக்குண்டைப் பிடித்தேன். நூலுக்கும் செடிக்கும் நடுவில் ஒரு விரல்கூட நுழையாது. ஜகன்னாத்துக்கு அனுப்ப செல்போனில் நாலு படம் எடுத்தேன். நாலாவதில் நானும் இருந்தேன்.

வேதவதி வந்தாள். குளித்த தலையில் துண்டு, இடது கையில் பூக்குடலை. பெருமாளுக்குப் பூப் பறிக்கும் நேரம். இந்த நேரத்தில் நான் எப்போதும் உத்தர வீதியில் இருப்பேன். நாற்பது வருஷத்தில் அவள் பூப் பறித்து நான் பார்த்தது கிடையாது.

செடி நன்றாகத் தெரியட்டும் என்று ஒதுங்கி நின்று பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். பூவெல்லாம் நான் நிமிர்த்திவைத்த உயரத்தில் வெள்ளை வெளேரென்று இருந்தது.

வலது கையைத் தூக்கினாள். தோள்வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

குடலையைக் கல்லின் மேல் வைத்துவிட்டு, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி மேலே தள்ளிப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். கை மெல்லக் கீழே இறங்கிவிட்டது.

“பரவாயில்லன்னா. இன்னிக்குப் பெருமாளுக்குத் துளசி போறும்.”

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் தோள் வலிக்கிறது என்றாள். தலையணையை மாற்று என்றேன், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். அதன் பிறகு அவள் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை.

எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. தூக்குக்குண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கொக்கியிலிருந்து கயிற்றை அவிழ்த்தேன். கிளையை இரண்டு கையாலும் வளைத்து அவளுக்கு முன்னால் பிடித்தேன். இன்னும் கொஞ்சம் என்று கண்ணால் காட்டினாள். இன்னும் வளைத்தேன். ஒவ்வொரு பூவாகப் பறித்தாள். குடலை நிறையும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுபடி கட்ட ஒரு வேஷ்டி எடுத்து வர உள்ளே போனேன்.

கொல்லை வாசலில் கொடிக்கயிறு சரியாக அவள் தோள் உயரத்தில் இருந்தது.

குனிந்து போனேன்.