இரண்டு விரற்கடை

போன மாதமே வாங்கிவிட்ட கணினிப் பெட்டியைக் கணினிக் கடை மேசைமேல் படுக்கவைத்து, தையற்காரி கழுத்திலிருந்த டேப்பை உள்ளே இறக்கி அளக்கிறாள். கையிலிருக்கும் பணத்துக்கு அகப்படும் நல்ல கிராபிக்ஸ் கார்டு, கடைக்காரர் எடுத்து வைத்திருக்கும் இது ஒன்றுதான். ஆனால் பெட்டிக்குள் இடம் இரண்டு விரற்கடை குறைகிறது. விளையாட்டுக் கணினிக்காக மூன்று மாதம் பட்டியல் போட்ட கணவன் விலையைப் பார்த்தான், நீளத்தைப் பார்க்கவில்லை. “சின்னதையே எடுத்துக்கலாம், விடும்மா” என்கிறான். குரல் உள்ளே போய்விட்டது. “சும்மா இருங்க. சட்டை பத்தலைன்னா ஆளையா மாத்துவாங்க?” என்கிறாள் அவள். மாலை வெயில் பெட்டிக்குள் சாய்வாக விழுகிறது. முன்புறத்தில் ஒரு தகரக் கூடு காலியாக நிற்கிறது. “இது எதுக்கு அண்ணே?” என்று கடைக்காரரிடம் கேட்கிறாள். “பழைய ஹார்ட் டிஸ்க் மாட்டுற இடம்மா. உங்க லிஸ்ட்டுல அது இல்லையே.” “அப்ப கழட்டிடலாமா?” கடைக்காரர் சிரித்துக்கொண்டே திருப்புளியை நீட்டுகிறார். நான்கு திருகாணிகளைக் கழற்றியதும் கூடு கையோடு வந்துவிடுகிறது. கணவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கார்டை அழுத்துகிறான். டக்கென்று உட்காருகிறது. அதன் முனைக்கும் பெட்டியின் முன்பக்க விசிறிக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடம். அவன் விரலை விட்டுப் பார்க்கிறான். எடுக்க மனமில்லாமல் அங்கேயே வைத்திருக்கிறான்.