ஹெட் ஆபீஸிலிருந்து வந்தவர்

விலைச்சீட்டைப் பார்க்காமல் துணி எடுப்பவர்கள் இரண்டே வகைதான். ஒன்று, பெரும் பணக்காரர்கள். இன்னொன்று, கடைக்குள் நின்று கண்காணிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கிறவர்கள்.

அந்தப் பெண் மாடியில் தோல் ஜாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தார். ஒன்றின் விலையைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

பணக்காரர் என்றே விட்டிருப்பேன். ஆனால் வலது கால் ஷூ பசை விட்டு வாயைப் பிளந்திருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வந்தாச்சு! சாட்சாத் அவரேதான்.

திங்கட்கிழமை காலையில் மேனேஜர் என்னைத் தனியாகத் தன் அறைக்குக் கூப்பிட்டிருந்தார். இந்த வாரம் ஹெட் ஆபீஸிலிருந்து ஓர் ஆள் வாடிக்கையாளர் மாதிரி வருவாராம். எதையாவது ஒளித்துக்கொண்டு வெளியே போகப் பார்ப்பாராம். நாங்கள் விழித்திருக்கிறோமா, தூங்குகிறோமா என்று சோதனை. உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன், யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்றார்.

சனிக்கிழமையோடு எனக்கு மூன்று மாதம் முடிகிறது. என் சட்டையில் குத்தியிருக்கும் அட்டையில் ‘தற்காலிகம்’ என்று இருக்கிறது. அந்த ஆளைப் பிடித்தால் அந்த வார்த்தை போய்விடும். விட்டால் நான் போக வேண்டியதுதான். ஏற்கெனவே இரண்டு கடைகளில் அப்படித்தான் போனேன்.

வீட்டுக்காரருக்கோ நான் இந்த வேலைக்கு வந்ததே பெரிய வேடிக்கை. மூக்குக்கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிறவள் திருடரைப் பிடிக்கப் போகிறாளாம்.

இரண்டு நாளாகத் தும்மியவரைக்கூடச் சந்தேகப்பட்டேன். பைக்குள் கைவிட்ட ஒரு பெரியவரின் பின்னாலேயே வாசல்வரை போனேன். அவர் மிட்டாய் எடுத்து எனக்கும் ஒன்று கொடுத்தார்.

ஆனால் இது மிட்டாய் கேஸ் இல்லை.

அந்தப் பெண் இரண்டு ஜாக்கெட்டுகளோடு உடை மாற்றும் அறைக்குள் போனார். நான் எதிரே நின்று, மடித்து வைத்த சட்டைகளையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன். 

கதவு திறந்தது. கையில் ஒரு ஜாக்கெட்தான் இருந்தது. அதைத் திரும்ப இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டு நடந்தார்.

உள்ளே போகும்போது ஒல்லி. வெளியே வரும்போது, போட்டு வந்திருந்த நீளக் கோட்டுக்குள், கொஞ்சம் பூசினாற்போல் இருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு நான் அப்படி ஆவதற்கே இரண்டு வருடம் பிடித்தது. இவர் நாலே நிமிடத்தில் ஆகிவிட்டார்.

படிக்கட்டுக்குப் பக்கத்தில், கண்ணாடி பதித்த தூண் அருகே மறித்தேன். ரகசியம் ஆயிற்றே, குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

“மேடம், ஹெட் ஆபீஸ்ல இருந்துதானே வந்திருக்கீங்க? பிடிச்சிட்டேன் பாத்தீங்களா!”

அவர் முகம் வெளுத்துவிட்டது. தோற்றுப்போன வருத்தம் போலிருக்கிறது, பாவம். என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கோ வாயெல்லாம் பல்.

பிறகு அவரும் மெல்லச் சிரித்தார்.

“பரவாயில்லையே! இதுவரைக்கும் எட்டுக் கடை ஏறி இறங்கிட்டேன்மா. என்னைப் பிடிச்ச முதல் ஆளு நீங்கதான்.”

அங்கேயே ஒரு குதி குதித்திருப்பேன். என் பெயரைக் கேட்டு ஒரு துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டார். எத்தனை வருட அனுபவம் என்றார். மூன்று மாதம் என்றதும் புருவத்தைத் தூக்கினார். பத்துக்குப் பத்து போடுவதாகச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு கடைகளிலிருந்து அனுப்பிவிட்ட கதையைக்கூட அவரிடம் கொட்டினேன். தோளில் தட்டிக்கொடுத்தார். எவ்வளவு நல்ல மனுஷி!

ஜாக்கெட்டோடு வாசலைத் தாண்டிப் போய்க் கீழ்த்தளத்தில் இருப்பவர்களையும் சோதிக்க வேண்டுமாம். பத்து நிமிடம் யாரிடமும் எதுவும் சொல்லாதீர்கள் என்றார். நானே கூடவே போய் வாசல்வரை வழியனுப்பினேன். கதவைத் திறந்துவிட்டேன். தெருமுனை திரும்பும்வரை கையாட்டினேன்.

பத்து நிமிடம் யாரால் பொறுக்க முடியும்? நாலு நிமிடத்தில் இரண்டிரண்டு படியாகத் தாவி மேனேஜர் அறைக்கு ஓடினேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன்.

டீக் கோப்பை பாதி வழியில் நின்றது.

“நான் யாரையும் அனுப்பச் சொல்லலையேம்மா. ஹெட் ஆபீஸ்ல அதுக்கெல்லாம் ஏது ஆளு? நீங்க எல்லாரும் முழிச்சுக்கிட்டு இருக்கணுமேன்னு ஒவ்வொருத்தரையா கூப்பிட்டுச் சொல்லி வச்சேன், அவ்வளவுதான்.”

அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் இறுக மூடிக்கொண்டே ஓடி வந்திருக்கிறேன்.

விரல்களைப் பிரித்தேன்.

உள்ளங்கையில் ஒரு பிளாஸ்டிக் வில்லை. துணியில் அது இருந்தால் வாசலில் அலாரம் அலறும். அலறினால் சோதனை ரகசியம் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்று அந்தப் பெண் கவலைப்பட்டார். அதனால் போகிற வழியில் பில் போடும் இடத்தில் அவரை நிறுத்தி, ஜாக்கெட்டில் ஒரு கீறல்கூட விழாமல், பார்த்துப் பார்த்து நானே கழற்றியது.