போட்டியில்லாத வார்டு

ஸ்காட்லாந்தில் மழை ஓயாத ஒரு மலையோர வார்டு. கவுன்சிலில் அதற்கு இரண்டு இடம். தேர்தலில் நின்றதும் வெள்ளாடு, வாத்து என்று இரண்டே பேர்தான். அதனால் ஓட்டுப்பதிவே நடத்தாமல் இருவரும் ஜெயித்ததாக அறிவித்துவிட்டார்கள்.

ஓட்டுப் போட நனைந்துகொண்டே வந்த செம்மறிக்கு ஒன்றும் புரியவில்லை. ஓடைப் பாலம் உடைந்துகிடந்தது. போன வாரம் செம்மறியின் குட்டி ஓடைக்குள் விழுந்து, பிழைத்ததே பெரிய காரியம். செம்மறி நேரே வாத்திடம் போனது.

"அண்ணே, பாலத்தை எப்போ கட்டுவீங்க?"

"நீ எனக்கு ஓட்டுப் போட்டியாம்மா?"

"போட விடலையே."

"அப்புறம் என்னை ஏன் கேக்குற?"

நியாயம் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அடுத்த தேர்தல் வந்ததும், இந்தத் தடவை ஓட்டுப்பதிவு நடந்தே தீரட்டும் என்று செம்மறியே மூன்றாவது ஆளாக மனுத்தாக்கல் செய்தது. போட்டி என்றதும் வெள்ளாடு தன் மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டது. மறுபடியும் இரண்டு இடம், இரண்டு பேர்; ஓட்டுப்பதிவு இல்லாமலே செம்மறி கவுன்சிலர் ஆகிவிட்டது.

சில நாள் கழித்து முயல் ஓடிவந்தது. "அக்கா, என் குட்டி ஓடையில விழுந்து எழுந்திருக்கு. பாலம் என்னாச்சு?"

பாலத்துக்கு யாரைப் பார்ப்பது என்று செம்மறிக்கும் தெரியவில்லை. மெல்லக் கேட்டது:

"நீ எனக்கு ஓட்டுப் போட்டியாம்மா?"