படகில் இடமில்லை

"இது டைவிங் படகா, பள்ளிக்கூட வேனா?" என்று கேட்டார் ட்ரெவர்.

கேட்கமாட்டாரா பின்னே? ஆக்லாந்திலிருந்து எட்டுப் பேரைத் திரட்டிக்கொண்டு சமோவாவுக்கு வந்திருக்கிறார், எங்கள் கடலுக்கடியில் முங்கிப் பார்க்க. படகில் பார்த்தால் காற்று சிலிண்டர்களுக்கு நடுவில் நான், மடியில் கைக்குழந்தை, பக்கத்தில் ஆறு வயசு மகள் மெலே, அவள் காலடியில் அவித்த வாழைக்காய்ச் சட்டி.

எனக்கு மட்டும் ஆசையா? படகைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரர் தனியேலு கடலுக்குப் போகும்போதெல்லாம் என்னையும் இழுத்துக்கொண்டுதான் போகிறார். வந்தவர்கள் மீன் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே மேலே வருவார்கள். நான் விளிம்பில் தலையைத் தொங்கப்போட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருப்பேன்.

சவாயீ தீவிலிருந்து என் அக்கா போன் போட்டுக் கேட்கிறாள்: "சந்தேகப்படுறானாடி உன்னை?"

எல்லோருக்கும் நாங்கள் கேலிப்பொருள். இந்த ஊர்க்காரர்கள் மட்டும்தான் சிரிப்பதில்லை.

போன மாதம் இரண்டு கூட்டம் எங்களைத் திட்டி எழுதிவிட்டு வேறு டைவிங் கடைக்குப் போய்விட்டது. இதுவும் போனால் கடையைப் பூட்டிவிட்டு நியூசிலாந்துக்கு ஆப்பிள் பறிக்கத்தான் இவர் போகவேண்டும். ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே. பிள்ளைகள் அப்பா முகத்தைப் போனில் பார்க்கும்.

இந்த ட்ரெவரை வரவைக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமா? மூன்று வாரமாக ஒரே கேள்வி. சுனாமி வந்தால்? தங்குமிடத்திலிருந்து குன்று எவ்வளவு தூரம்? தண்ணீருக்கடியில் இருக்கும்போது சைரன் கேட்குமா? பிஜிக்குப் போவதா, இங்கே வருவதா என்று தராசில் வைத்து நிறுத்துக்கொண்டிருந்தார் மனுஷன்.

தனியேலு ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான்தான் போனில் தட்டி அனுப்பினேன். 'ஆழமான தண்ணீரில் மிதக்கும் படகுக்கு ஒன்றும் ஆகாது. அலை அடியில் போய்விடும், கொஞ்சம் ஏறி இறங்குவோம், அவ்வளவுதான். கரையில் இருப்பவர்கள்தான் ஓடவேண்டும்.'

அதைப் படித்த பிறகுதான் ட்ரெவர் வருகிறேன் என்றார்.

வந்து பார்த்தால் இந்தக் கூத்து. அவர் ஆட்களில் இரண்டு பேர் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார்கள், உட்கார இடமில்லை.

"இவங்க இறங்கட்டும். இல்லன்னா நாங்க இறங்குறோம்" என்றார் ட்ரெவர்.

தனியேலு காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. மெலேயின் லைஃப் ஜாக்கெட் நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யோவ், நாங்க இறங்கிக்கிறோம்யா" என்றேன் எங்கள் பேச்சில். "பின்னாடியே குன்று இருக்கு. சைரன் இருக்கு. ஓடுறதுக்குப் பாதை போட்டுப் பலகையும் வச்சிருக்கான். ரெண்டு புள்ளைங்களைத் தூக்கிட்டு ஓடமாட்டேனா? எனக்கென்ன கால் இல்லையா?"

"உட்காரு."

"பைத்தியமாய்யா உனக்கு? வர்றவங்களையெல்லாம் இப்படி விரட்டினா சோத்துக்கு எங்க போறது? மத்தியானம் வரைக்கும் எங்களை விட்டுட்டு உன்னால இருக்க முடியாதா?"

குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஒரு காலைத் தண்ணீரில் வைத்துவிட்டேன். போதும். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது.

தனியேலு என் முழங்கையைப் பிடித்தார். வலித்தது. இஞ்சின் ஓட்டும் எங்கள் ஆள் செஃபோவுக்குக்கூடக் கேட்காதபடி குனிந்து சொன்னார்.

"அன்னிக்கும் இடமில்லதான். அவங்க ஏறி உட்கார்ந்துட்டாங்க. நான்தான் கரையில இருங்கன்னு இறக்கி விட்டேன்."

என்றைக்கு என்று நான் கேட்கவில்லை.

முதல் மனைவியையும் மகனையும் அலை கொண்டுபோனதைச் சொல்லித்தான் இவரை எனக்குப் பேசி முடித்தார்கள். அன்றைக்கு இவர் படகில் இருந்த வெளியூர்க்காரர்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை என்பதும் ஊருக்கே தெரியும்.

இவர் இறக்கிவிட்டது மட்டும் யாருக்கும் தெரியாது. எனக்கும் இத்தனை வருஷம் தெரியாது.

காலைத் தண்ணீரிலிருந்து எடுத்தேன். பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்தேன்.

ட்ரெவர் என்னைப் பார்த்தார், தனியேலுவைப் பார்த்தார்.

"சுனாமிக்குப் பயந்து அவ்வளவு கேட்டோம். இதைக் கேக்காம விட்டுட்டோமே" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஒவ்வொருவராகப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஒருத்தி கால் இடறி வாழைக்காய்ச் சட்டியைக் கவிழ்த்துவிட்டு, மன்னிப்புக்கூடக் கேட்காமல் போனாள். ஆப்பிள் தோட்டம் கண்ணுக்குள் வந்து நின்றது.

ட்ரெவரும் அந்த எட்டுப் பேரும் மணலில் ஏறிப் போய்விட்டார்கள். தனியேலு இன்னும் அந்த நாடாவை விடவில்லை.

"அப்பா, இறுக்குது" என்று நெளிந்து விடுவித்துக்கொண்டு, மெலே பலகையில் காலை நீட்டிப் படுத்தாள்.

இப்போது படகில் வேண்டிய மட்டும் இடம் இருந்தது.